கொழும்பிலிருந்து பிரித்தானியாவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: வீட்டு ஞாபகத்தைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து ஒவ்வொரு செப்டெம்பரும் பிள்ளைகள் பிரித்தானியாவுக்குப் படிக்கப் போகிறார்கள். விசாவுக்கும் கட்டணத்துக்கும் வங்கி இருப்புக்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இறங்கிய பிறகு, நடுச்சாமத்தில் அறையில் தனியே இருந்து அழுகை வந்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் அங்கே படித்துவிட்டு வந்தவள். இப்போது போகிற பிள்ளைகளோடு முதல் வருடம் முழுக்கத் தொடர்பில் இருப்பதால், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று ஓரளவு தெரியும்.

வீட்டு ஞாபகம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. படுக்கப் போகும் நேரம், தனியாகச் சாப்பிடும் நேரம், ஞாயிறு பின்னேரம், டிசம்பர் கடைசிக் கிழமை என்று அதற்கென்று சில நேரங்கள் இருக்கின்றன. எப்போது வரும் என்று தெரிவதால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். கீழே இருக்கிற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நித்திரையும் சாப்பாடும் சரியாவதற்கு முன்னர் நண்பர்களைத் தேடி ஓடுகிறவர்களும், அதற்கும் முன்னர் வேலை தேடுகிறவர்களும்தான் நவம்பரில் உடைந்துபோகிறார்கள்.

1. புறப்பட ஆறு கிழமைக்கு முன்: நான்கு சாப்பாடு பழகுங்கள்

சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு முட்டைக் குழம்பு அல்லது சொதி. இந்த நான்கும் போதும். ஆனால் அம்மா பக்கத்தில் நின்று "இப்ப உப்பைப் போடு" என்று சொல்லிச் செய்வது பழக்கம் ஆகாது. வீட்டில் ஒருவரும் இல்லாத நாளாகப் பார்த்து, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதிலிருந்து சட்டி கழுவி வைப்பது வரை நீங்களே செய்யுங்கள்.

காரணம் எளிது. அங்கே முதல் இரண்டு கிழமையும் பாணும் நூடில்ஸும் என்று போனால் உடம்பு சோர்கிறது, அந்தச் சோர்வு வீட்டு ஞாபகம் போலவே இருக்கும். சூடான சோறும் பருப்பும் சாப்பிட்ட இரவுக்கும் சாப்பிடாத இரவுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே காண்பீர்கள்.

உடுப்புத் தோய்ப்பது, பட்டன் தைப்பது, ஒரு நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்காமல் இருப்பது, இவையும் இந்த ஆறு கிழமைக்குள் அடங்கும்.

2. பெட்டியில் போவதும் போகாததும்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் வறுத்து அரைத்த கறித்தூள் வாங்கி, காற்றுப் போகாமல் இரட்டை உறையில் கட்டுங்கள். இரண்டு கிலோ தாராளம். லண்டனில் படிக்கப் போகிறவர்கள் இதைவிடக் குறைக்கலாம், ஏனென்றால் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. புட்டு மாவும் முருங்கைக்காயும்கூடக் கிடைக்கும். சிறிய நகரத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் தூள் முக்கியம்.

இறைச்சியும் பால் சேர்ந்த உணவும் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். விமான நிலையத்தில் பறித்துக் குப்பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, வந்திறங்கிய முதல் மணித்தியாலத்தில் தேவையில்லாத வலி.

மின்சாரச் சாமானில் சதுர முள் 13 அம்பியர் பிளக் இருந்தால் அங்கேயும் அப்படியே பொருந்தும். வீட்டில் கிடக்கும் பழைய வட்ட முள் பொருந்தாது. ரைஸ் குக்கர் கொண்டுபோவதற்கு முன் விடுதி விதிகளைப் படியுங்கள், சில விடுதிகள் அனுமதிப்பதில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கொழும்பிலேயே இரண்டாவது சோடி செய்துகொள்ளுங்கள். தினமும் மாத்திரை எடுக்கிறவர்கள் மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள். அங்கே வணிகப் பெயர் வேறாக இருக்கும்.

3. போன் இலக்கம்

இதில் ஒரே ஒரு விஷயம். உங்கள் இலங்கை சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கைப் புறப்படும் முன்னரே செயல்படுத்துங்கள். இலங்கை வங்கிக் கணக்கின் கடவு எண் குறுஞ்செய்தி அந்த இலக்கத்துக்குத்தான் வரும். அது வராமல் காசு எடுக்க முடியாமல் முதல் கிழமையில் நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். கையில் காசில்லாத பயமும் வீட்டு ஞாபகமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

4. முதல் மூன்று நாள்: நித்திரையைத் திருப்புங்கள்

செப்டெம்பர் கடைசியில் போனால் கொழும்பு அங்கிருந்து நாலரை மணித்தியாலம் முன்னால் இருக்கும். அதாவது அங்கே இரவு ஏழு மணி ஆகும்போது உங்கள் உடம்புக்கு இரவு பதினொன்றரை. எல்லாரும் அப்போதே படுத்துவிடுகிறார்கள். பிறகு விடிய மூன்று மணிக்கு முழிப்பு வரும், ஏனென்றால் கொழும்பில் அப்போது காலை ஏழரை. வீட்டில் எல்லாரும் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிற நேரம். நீங்கள் இருட்டில் தனியே முழித்துக்கொண்டு கிடப்பீர்கள்.

பிள்ளைகள் முதன்முதலில் அழுவது பெரும்பாலும் இந்த மூன்று மணிக்குத்தான். அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தால் ஆறுதலாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு மணித்தியாலம் போய்விடும், அடுத்த நாளும் உடம்பு அதே மூன்று மணிக்கு எழுப்பும், அப்புறம் வகுப்பு தொடங்கும்போது நீங்கள் இன்னும் கொழும்பு நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வெளியே நடவுங்கள். மாலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் மணிக்கூடு பிந்தும், மேற்கே போனவர்களுக்கு அதுதான் வேண்டும். ஒன்பதரை வரை எப்படியாவது முழித்திருங்கள். விடிய மூன்றுக்கு எழும்பினால் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, போனைத் தொடாமல் திரும்பப் படுங்கள். நித்திரை வராவிட்டாலும் பரவாயில்லை, படுத்திருங்கள்.

இதே நாட்களில் பகலில் பல்கலைக்கழகப் பதிவையும், பக்கத்துக் குடும்ப மருத்துவரிடம் பதிவதையும் முடியுங்கள். மருத்துவரிடம் பதிவது இலவசம். விசாவோடு சுகாதாரக் கட்டணம், மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்ட், ஏற்கனவே கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். சுகமாக இருக்கும்போதே பதிந்தால்தான் சுகமில்லாதபோது ஒரு இடம் இருக்கும்.

5. வீட்டுக்கு எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், ஆனால் இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் அங்கே இரவு பத்து மணி என்றால் கொழும்பில் விடிய மூன்றரை. மனம் மிகவும் கனக்கிற நேரத்தில் வீடு நித்திரையில் இருக்கும். பிள்ளை எழுப்பாது, தனியே தாங்கும். அல்லது எழுப்பும், அம்மா பதறி எழும்புவார், பிறகு விடியும்வரை அவருக்கு நித்திரை இல்லை, அது தெரிந்து பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி. இரண்டுமே சரிவராது.

காலையில் எடுங்கள். அங்கே காலை ஏழரை என்றால் ஒக்டோபர் கடைசி வரை கொழும்பில் மதியம் பன்னிரண்டு. ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரித்தானியாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பிறகு அதே ஏழரை கொழும்பில் ஒரு மணி. மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி மாறும். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் அந்தத் திங்கட்கிழமை ஒரு மணித்தியாலம் அழைப்பு வராமல் வீட்டில் பயந்துபோவார்கள்.

காலை அழைப்பில் இன்னொரு நன்மை, அது தானாகவே முடியும். ஒன்பது மணிக்கு வகுப்பு இருக்கிறது, இருபது நிமிடத்தில் வைக்க வேண்டும். இரவு அழைப்புக்கு முடிவே இல்லை. வைத்த பிறகு வரும் அமைதியைத்தான் தாங்க முடியாது.

முதல் மாதம் தினமும் எடுக்கலாம், தவறில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து கிழமைக்கு நாலு நாளாக்குங்கள். வீடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டுச் சத்தத்தைக் கேட்டபடி மணிக்கணக்காக இருக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். அறையில் இருந்துகொண்டே நீங்கள் இன்னும் வந்து சேராதவராக ஆகிவிடுவீர்கள்.

இரவு பத்து மணிக்கு? அந்த நேரத்துக்கு வேறு வேலை வையுங்கள். நாளைய மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் போடுவது, சுடுதண்ணியில் குளிப்பது, வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் குரல் பதிவாக அனுப்புவது. குரல் பதிவு நல்ல வழி: நீங்கள் மனதைக் கொட்டிவிட்டீர்கள், அவர்களோ விடிந்த பிறகுதான் கேட்பார்கள், நீங்கள் எழும்பும்போது பதில் காத்திருக்கும்.

6. பொதுச் சமையலறை

விடுதியில் ஐந்தாறு பேருக்கு ஒரு சமையலறை. நம் பிள்ளை முதல் நாள் கடுகும் செத்தல் மிளகாயும் தாளிப்பார், புகை நடைபாதைக்குப் போகும், தீ அலாரம் அடிக்கும், முழுக் கட்டடமும் குளிரில் வெளியே நிற்கும். அந்த வெட்கத்தில் அதன்பிறகு சமைப்பதையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இதற்கு ஒரு தனிப் படி.

சமையலறைக் கதவு தானாக மூடுகிற தீத்தடுப்புக் கதவு. கை நிறையச் சாமான் இருக்கிறது என்று கட்டை வைத்துத் திறந்து விடாதீர்கள்; புகை நடைபாதைக்குப் போவது அதனால்தான். அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடியைத் தாளிப்பதற்கு முன்னரே போடுங்கள், எண்ணெய் புகைய விடாமல் நடுத்தரச் சூட்டில் வைத்து மூடியால் மூடுங்கள். அறைக்குள் விளக்கு, கற்பூரம், சாம்பிராணி ஒன்றும் கொளுத்தாதீர்கள். சாமி படத்துக்கு மின்கல விளக்கு போதும்.

கறி மணம் பற்றி யாராவது முகம் சுளித்தால்? யன்னலைத் திறந்து, சமைத்த உடனே துடைத்து, பாத்திரம் கழுவி வையுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஒருவருக்கும் கடன்பட்டவரில்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடச் சமைத்து ஒரு தட்டு நீட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு பிரச்சினை தீரும்.

ஞாயிறு பற்றி இன்னொன்று: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணித்தியாலம்தான் திறக்கும். கிழமைச் சாமானைச் சனிக்கிழமையே வாங்குங்கள். ஞாயிறு இரவு வெறும் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

7. ஒரு தமிழ் ஆள், ஒரு வேறு ஆள், ஒரு இடம்

வந்த முதல் கிழமையிலேயே எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வீடு எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வாடகை குறையும், உண்மைதான். ஆனால் ஒரே வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்தால் ஒருவரைத் தூக்கிவிட ஒருவர் இருக்க மாட்டார். முதல் தவணை விடுதியில் இருந்துவிட்டு, யாரோடு ஒத்துப்போகும் என்று பார்த்துப் பிறகு மாறுங்கள்.

முதல் மாதத்துக்கு இலக்கு சிறியது. தமிழில் கதைக்க ஒருவர், உங்கள் வகுப்பில் தமிழர் அல்லாத ஒருவர், கிழமைக்கு ஒருமுறை போக ஒரு இடம். வகுப்பு ஆளைப் பிடிக்கச் சிரமப்பட வேண்டாம். ஒரே கதிரையில் மூன்று வகுப்பு இருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வரவேற்புக் கிழமையின் சத்தமான கொண்டாட்டங்களில் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் கவலையை விடலாம். பழக்கம் மூன்றாம் நான்காம் கிழமையில்தான் வருகிறது.

இடம் என்றால், லண்டனில் ஹைகேட் முருகன் கோயிலும் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலும் நம் ஆட்கள் கூடுகிற இடங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீருக்கு நில்லுங்கள். உடனே ஓடி வருவதால்தான் ஒருவரும் பழக்கமாவதில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்திலேயே தொழுகை அறை இருக்கும். பக்தி இல்லாதவர்களுக்கு கிரிக்கெட், பூப்பந்து, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம். எதுவானாலும் ஒரே நாள், ஒரே நேரம். நீங்கள் வராவிட்டால் "ஏன் வரவில்லை" என்று கேட்க ஒருவர் இருக்க வேண்டும், அதுதான் தேவை.

8. வேலை: ஐந்தாவது கிழமைக்குப் பிறகு

வீட்டில் கடன் இருக்கிறது, எனக்கு விளங்குகிறது. ஆனாலும் முதல் மாதம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள். அந்த ஒரு மாதச் செலவைப் புறப்படும் முன்னரே ஒதுக்கிவையுங்கள்.

பட்டப்படிப்பு மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கு. சுயதொழில் செய்யக் கூடாது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற செயலி வேலைகள் பெரும்பாலும் சுயதொழிலாகத்தான் கணக்கிடப்படும், வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது அதைவிட ஆபத்து. "எல்லாரும் செய்கிறார்கள்" என்று சொல்கிற அண்ணாமார் விசா போனால் உங்களோடு வந்து நிற்க மாட்டார்கள். முதுகலை மாணவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள், கோடைகாலம் பொதுவாக உங்களுக்கு ஆய்வுக்கட்டுரைக் காலம், விடுமுறை இல்லை.

இரவு வேலையைத் தவிருங்கள். நான்காம் படியில் திருப்பிய நித்திரையை அது மறுபடி குழப்பும்.

9. ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை

கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். லண்டனில் டிசம்பர் நடுவில் நான்கு மணிக்கு முன்னரே இருட்டிவிடும், விடிவது எட்டு மணிக்கு. இதைக் கேட்டுத் தெரிந்திருந்தாலும் உடம்புக்குப் புதிது. இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து நூலகத்துக்குள் போய் வெளியே வந்தால் இரவு. பலர் இதைச் சோம்பல் என்றும், தங்களுக்குப் படிப்பே சரிவராது என்றும் நினைக்கிறார்கள்.

மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம் வெளியே நடவுங்கள், மழை தூறினாலும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்கச் சொல்லி அந்நாட்டுச் சுகாதாரச் சேவையே சொல்கிறது, நம்மைப் போன்ற கறுத்த தோலுள்ளவர்கள் வருடம் முழுக்க. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. குளிர் ஜாக்கெட்டை அங்கே போய் வாங்குங்கள், கொழும்பில் கிடைப்பது பெரும்பாலும் போதாது.

தீபாவளி இந்த இருட்டுத் தொடங்குகிற நேரத்தில்தான் வரும். அன்று பெரும்பாலும் வகுப்பும் இருக்கும். அந்த நாளை முன்னரே குறித்து, யார் வீட்டில், யார் என்ன சமைப்பது என்று இரண்டு கிழமைக்கு முன் பேசிவையுங்கள்.

அடுத்தது நத்தார். இதுதான் பெரிய குழி. டிசம்பர் 25 அன்று நாட்டில் ரயில் ஓடாது, லண்டனில் பஸ்ஸும் சுரங்க ரயிலும் இல்லை, பெரிய கடைகள் பூட்டு. விடுதியில் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடைபாதை முழுக்க இருட்டு. நவம்பர் நடுவிலேயே இரண்டு வேலை முடியுங்கள்: 24ஆம் திகதி பின்னேரத்துக்குள் யார் வீட்டுக்குப் போய், எப்போது திரும்புவது என்று உறுதி செய்வது, போக இடம் இல்லாவிட்டால், விடுதியில் தங்குகிற மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் யார் என்று கேட்டறிந்து ஒன்றாகச் சமைக்க ஏற்பாடு செய்வது. தூரத்துச் சொந்தக்காரர் அழைத்தால் கூச்சப்படாமல் போங்கள். ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனால் போதும்.

10. இது வெறும் வீட்டு ஞாபகம் இல்லையோ என்று தோன்றினால்

வீட்டு ஞாபகம் வரும், போகும். நல்ல வகுப்பு, நல்ல சாப்பாடு, யாரோடாவது சிரித்துக் கதைத்தால் கொஞ்சம் விலகும். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலுமே விலகாமல், நித்திரை சாப்பாடு இரண்டும் கெட்டு, குளிக்கவும் மனமில்லாமல், வகுப்புக்குப் போகாமல் இருந்தால் பொறுத்துப் பார்க்கிற கட்டம் முடிந்துவிட்டது.

முதலில் குடும்ப மருத்துவர். அதோடு பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவுக்கும் உங்கள் பொறுப்பாசிரியருக்கும் ஒரு மின்னஞ்சல், இரண்டு வரி போதும். "சுகமில்லை, வகுப்புக்கு வர முடியவில்லை, யாரோடு கதைக்கலாம்?" இதைச் சொல்லாமல் மறைந்துபோவதுதான் ஆபத்து, ஏனென்றால் வரவு குறைந்தால் பல்கலைக்கழகம் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டியிருக்கும். சொன்னவர்களுக்கு வழி இருக்கிறது.

இங்கிலாந்தில் 111க்கு எடுத்து 2ஐ அமுக்கினால் மனநல உதவி. 116 123 என்பது மனம்விட்டுக் கதைக்க சமாரிட்டன்ஸ் (Samaritans) என்ற தொண்டு அமைப்பின் இலக்கம்; இலவசம், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. மூன்றையும் இப்போதே போனில் பதியுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேட மனம் வராது.

11. கொழும்பில் இருக்கிற வீட்டாருக்கு

அம்மா, அப்பா, இந்தப் பகுதி உங்களுக்கு. பிள்ளை அழுதால் நீங்களும் அழவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல் "என்ன சமைச்சாய், பக்கத்து அறைப் பிள்ளையின் பேர் என்ன, நேற்று எங்கே நடந்து போனாய்" என்று கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது பிள்ளை அந்த ஊரைக் கவனிக்கும்.

வீட்டில் அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்றால் மறைக்காதீர்கள். படிப்புக் கெடும் என்று மறைப்பீர்கள், மச்சாள் ஒருத்தி வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவாள். அதன்பிறகு நீங்கள் "எல்லாரும் சுகம்" என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் பிள்ளை நம்பாது, இரவெல்லாம் யோசிக்கும்.

"திரும்பி வரப்போகிறேன்" என்று ஒரு இரவு சொன்னால் ஏசவும் வேண்டாம், உடனே டிக்கெட் போடவும் வேண்டாம். இரண்டு நாள் நித்திரைக்கும் ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் பிறகு அதே கேள்வியை மதிய அழைப்பில் கேளுங்கள். அப்போதும் அதையே சொன்னால், பல்கலைக்கழகத்தோடு கதைத்துப் படிப்பை முறைப்படி இடைநிறுத்துவது எப்படி, விசா என்னவாகும், கட்டிய காசில் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு, பிள்ளையும் நீங்களும் சேர்ந்திருந்து முடிவெடுங்கள்.